நான்காம் போர்ஷனின் புகார்

அக்காவின் குரல் நான்காம் போர்ஷனில் இருந்தது. வெளியாளிடம் இப்படிச் சொன்னால் குரல் தொண்டையில்தானே இருக்கும் என்று சிரிப்பார்கள். அக்காவுக்குத் தொண்டையில் இல்லை. ஒன்பது மாதத்துக்கு முன்னால் கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையும் எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன் பதினோரு நாள், ஆஸ்பத்திரியின் ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து ஆயிரத்து அறுநூறு வாக்கியங்களைப் படித்துக் கொடுத்தாள். அந்தப் பதிவை வைத்து அவள் குரலையே ஒரு கருவிக்குள் உண்டாக்கித் தருவார்கள். அவள் எழுத்தில் தட்டினால் அது அவள் குரலில் பேசும். கருவிக்கான மென்பொருள் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று ஒன்பது மாதம் இழுத்து, ஒருவழியாக அடுத்த மாதம் முதல் வாரம் என்று தேதி குறித்திருந்தார்கள்.

அதுவரைக்கும் கையில் ஒரு எழுதுபலகை. கடையில் விற்கிற பேசும் கருவி ஒன்றை அத்தான் வாங்கி வந்தார். அதில் ஒரு பெண் குரல், தேன் தடவினாற்போல. அக்கா ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, "இவ சொன்னா எந்தப் பையன் ஹோம்வொர்க் பண்ணுவான்?" என்று பலகையில் எழுதிக் காட்டி அதை மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினாள். இருபத்தாறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். மூன்றாம் மாடியில் நின்று மைதானத்தில் ஓடுகிறவனைப் பெயர் சொல்லி நிறுத்துகிற குரல் அது. தேனும் பாலும் அவளுக்கு ஆகுமா?

தங்கைக்கு வயது நாற்பத்திரண்டு, தலையில் பாதி நரை, கல்லூரிக்குப் போகிற மகன். ஆனாலும் வீட்டில் அவள் பெயர் வாலு. அக்கா வைத்தது, எங்கே போனாலும் பின்னாடியே வந்ததால் வைத்தது. அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு வாலுதான் பொறுப்பு. அங்கே அவளை சர்வர் மேடம் என்பார்கள். அக்காவை அந்த ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்ததும் அவள்தான். பதிவு முடிந்த நாள், எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று அக்கா கேட்டாள். அக்கா வாய் திறந்து அவளிடம் கேட்ட கடைசிக் கேள்விகளில் அது ஒன்று. வாலு சிரித்தாள். பென்டிரைவ் தொலையும், துணியோடு துவைக்கப் போட்டுவிடுவாய், எங்கள் சர்வரில் தினமும் பேக்கப் எடுக்கிறோம், டேப்பை வேறு கட்டடத்தில் பூட்டி வைக்கிறோம் என்றெல்லாம் வகுப்பெடுத்தாள்.

"எங்கிட்ட இருக்குன்னு நெனச்சுக்கோ. நீ நிம்மதியா ஆபரேஷனுக்குப் போ."

நம்பினாள். தங்கையை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

அந்த சர்வரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். அடித்தளத்தில், எக்ஸ்ரே பிரிவுக்குப் பின்னால், ஆள் உயரத்தில் கறுப்பு அலமாரி மாதிரி நிற்கும். பார்க்கத்தான் ஒன்று, உள்ளே ஆறு. பெரிய வீட்டில் நடுவே சுவர் வைத்து ஆறு போர்ஷனாக வாடகைக்கு விடுவார்களே, அப்படித்தான். முதல் போர்ஷனில் நோயாளிகள் பதிவேடு, இரண்டில் மருந்தகம், மூன்றில் ஆய்வுக்கூடம், நான்கில் ஒலிப்பதிவு, ஐந்தில் ஸ்கேன், ஆறில் சம்பளம். ஒரு போர்ஷன் பக்கத்துப் போர்ஷனை எட்டிப் பார்க்க முடியாது. ஆனால் கரண்டு எல்லாருக்கும் பொது, காற்றுக்கு விசிறி பொது, பேக்கப் எழுதுகிற டேப் டிரைவும் ஒன்றே ஒன்றுதான். குழாயடியில் முறை வைத்துத் தண்ணீர் பிடிப்பதுபோல ஒன்று எழுதி முடித்து அடுத்ததுக்குக் கொடுக்கும். எதுவாவது கோளாறு என்றால் அந்தந்தப் போர்ஷன் தன் பங்குக்கு ஒரு புகார் அனுப்பும். புகாரைப் பார்த்து ஆவன செய்வது வாலுவின் வேலை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு சர்வருக்குள் ஒரு மின்பலகை கருகியது. கருகிய வாசனை நடைபாதை வரைக்கும் வந்ததாம். பலகை சும்மா போகவில்லை. போகிறபோது நான்காம் போர்ஷனின் இரண்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. ஒன்று போனால் இன்னொன்று தாங்கட்டும் என்றுதான் ஒரே தகவலை இரண்டில் எழுதுவார்கள். இரண்டும் ஒன்றாகவே போயின. சர்வீஸ் இன்ஜினியர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

வாலு பதறவில்லை, அதைச் சொல்லவேண்டும். இதற்காகத்தானே பேக்கப். புது டிஸ்க்கைப் போடச் சொன்னாள், வேறு கட்டடத்திலிருந்து டேப்புகளை வரவழைத்தாள், நடுவில் ஒரு டீ கூடக் குடித்தாள். முந்தின நாள் டேப்பைப் போட்டுப் பார்த்தால் அதில் ஒன்று இருக்கிறது, இரண்டு, மூன்று இருக்கிறது, ஐந்தும் ஆறும் இருக்கிறது. நான்கு இல்லை. சரி, ஒரு நாள் விட்டுப் போயிருக்கும் என்று அதற்கு முந்தின டேப்பைப் போட்டாள். அதிலும் இல்லை. போன வாரம், போன மாதம், அதற்கும் முந்தின மாதம். கடைசியில் நான்காம் போர்ஷன் அகப்பட்டது ஒன்பது மாதம் பழைய டேப்பில், பதினோராம் தேதியில். அக்கா பதிவுக்கு உட்கார்ந்தது பதினான்காம் தேதி.

மூன்றே மூன்று நாள். வாலு நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஒன்பது மாதமாக பேக்கப் ஆகவில்லை என்றால் அந்தப் போர்ஷன் வாயை மூடிக்கொண்டா இருந்தது? புகார் அனுப்பியிருக்க வேண்டுமே? அவள் பழைய பதிவுகளைத் தோண்டினாள். அனுப்பியிருந்தது. பன்னிரண்டாம் தேதி டேப் டிரைவை மாற்றினார்கள். புது டிரைவின் இடம் மற்ற ஐந்துக்கும் தெரிந்தது, நான்குக்கு மட்டும் சரியாகச் சொல்லப்படவில்லை. அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல், டேப் டிரைவைக் காணோம், பேக்கப் முடியவில்லை என்று அது எழுதிக்கொண்டே இருந்தது. இருநூற்று எழுபத்தொரு புகார். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே குறிப்பு: நகல், நீக்கப்பட்டது.

அந்தக் குறிப்பு அவளுக்குத் தெரிந்ததுதான். நீக்கச் சொன்னது அவள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முந்தின கதை அது. ஒரு விசிறி நின்றது. விசிறி பொது என்பதால் ஆறு போர்ஷனும் தனித்தனியே புகார் செய்தன. சர்வீஸ் கம்பெனிக்கு ஆறு புகார் போனது. இன்ஜினியர் பாவம், ஆறு விசிறியைச் சுமந்துகொண்டு வந்து நின்றார். ஒருத்தருக்குத் தலைவலி என்றால் உங்கள் வீட்டில் ஆறு பேரும் டாக்டருக்குப் போன் போடுவீர்களா மேடம் என்று அவர் கேட்டதில் அறையே சிரித்தது. வாலுவுக்கும் சிரிப்புத்தான், ஆனால் உள்ளே சுருக்கென்றது. ஒவ்வொரு வகைக் கோளாறுக்கும் ஒரு எண் உண்டு. அன்று சாயங்காலமே ஒரு விதி எழுதினாள். ஒரே நாளில் ஒரே எண்ணுள்ள புகார் பல போர்ஷனிலிருந்து வந்தால், முதலில் வந்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடு. பத்து வரிதான். தினமும் நூறு மெயில் வந்த இடத்தில் பதினைந்து வந்தது. மேனேஜர் மீட்டிங்கில் கைதட்டச் சொன்னார்.

விசிறிக்கு அந்த விதி சரி. பேக்கப்புக்கு? காரணம் என்னவாக இருந்தாலும் பேக்கப் முடியவில்லை என்பதற்கு ஒரே எண்தான். முதல் போர்ஷனும் தினமும் அதே எண்ணைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது, ஒன்றுமில்லாத காரணத்துக்கு. ஓய்வுபெற்றுப் போன ஒரு டாக்டரின் கோப்புகளை எப்போதோ அழித்துவிட்டார்கள். பட்டியலில் மட்டும் அவர் பெயர் இருந்தது. அதைத் தேடித் தேடிக் காணாமல் முதல் போர்ஷன் தினமும் மூக்கைச் சிந்தும். பட்டியலிலிருந்து எடுக்க மூன்று பேர் கையெழுத்து வேண்டும். அப்புறம் வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தப் புகாருக்கு 'தெரிந்ததுதான்' என்று ஒரு முத்திரை போட்டுவைத்தாள். ஆக, தினமும் முதல் போர்ஷனின் பொய்யழுகை முன்னால் வந்து நிற்கும். அதைத் தெரிந்ததுதான் என்று மூடுவாள். பின்னாலேயே வந்த நான்காவதின் நிஜ அழுகையை நகல் என்று விதி தள்ளிவிடும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்களே, அந்தக் காரியத்தைச் செய்துவிட்டு அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறாள்.

மாதம் ஒருமுறை டேப்பைப் போட்டுச் சரிபார்ப்பார்கள்தான். முதல் போர்ஷனை மட்டும். ஆஸ்பத்திரியைத் தணிக்கை செய்ய வருகிறவர்கள் அதைத்தான் கேட்பார்கள்.

எழுந்து மூன்றாம் மாடிக்கு ஓடினாள். ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், எதற்கும் குரலை உயர்த்தாதவள். பதிவுகள் எல்லாம் முதலில் இவள் லேப்டாப்பில்தான் எடுக்கப்படும், அப்புறம்தான் சர்வருக்குப் போகும். அதில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று மூச்சு வாங்கக் கேட்டாள் வாலு. அந்தப் பெண் தயங்கினாள்.

"மேடம், நீங்கதானே மெயில் போட்டீங்க. நோயாளிங்க பதிவு எதையும் லேப்டாப்ல வச்சிக்கக் கூடாது, சர்வர்ல பத்திரமா இருக்கு, உடனே அழிச்சிடுங்கன்னு. ஒவ்வொண்ணையும் அன்னன்னைக்கே அழிச்சிட்டேன்."

போட்டதுதான். சிவப்பு எழுத்தில், அடிக்கோடு வேறு போட்டு.

அக்கா ஒருத்தி மட்டும் இல்லை. அந்த ஒன்பது மாதத்தில் இருபத்துமூன்று பேர் பதிவு செய்திருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கு இன்னும் குரல் இருக்கிறது, மறுபடி கூப்பிட்டு உட்கார வைக்கலாம். ஒன்பது பேருக்கு இல்லை. மீதி இரண்டு பேர் உயிரோடு இல்லை. அதில் ஒருவரின் மனைவி மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை வந்து, தெரபிஸ்ட் அறையின் மூலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுப் போவாராம். ஹெட்போனில் கேட்பது கணவரின் குரல், பேருந்து எத்தனை மணிக்கு வரும், இன்று வெயில் அதிகம் என்கிற மாதிரி வாக்கியங்கள். இந்த வியாழக்கிழமை அவர் முறை. தெரபிஸ்ட் இதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கருகிய டிஸ்க்குகளைத் தகவல் மீட்கிற நிறுவனம் ஒன்றுக்கு அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சொல்கிறோம் என்றார்கள். அந்த மூன்று நாளும் வாலு என்ன தின்றாள், எப்படித் தூங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அக்கா வீடு இரண்டு தெரு தள்ளித்தான். அலுவலகம் விட்டு வருகிற வழியில் தினமும் எட்டிப் பார்ப்பாள். அந்த மூன்று நாள் வேறு தெருவழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனாள். அக்காவிடமிருந்து போனில் எழுத்து வந்தது: எங்கேடி ஆளையே காணோம். வேலை என்று பதில் போட்டாள். அக்கா போனில் குரல் செய்தி அனுப்பிப் பழகாதவள். பேசவேண்டுமென்றால் நேரில் வா என்கிற ஜாதி. ஆபரேஷனுக்கு முந்தினது எதுவும் போனில் கிடையாது. வாலு தன் போனைத் தலைகீழாகப் புரட்டியும் பார்த்துவிட்டாள். மகன் பிறந்தநாள் வீடியோ ஒன்றில் அக்கா எங்கேயோ தூரத்தில் ஏதோ சொல்கிறாள். அதற்கு மேல் பாட்டு ஓடுகிறது.

வியாழக்கிழமை அந்த அம்மா வந்தார். தெரபிஸ்ட் தானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். வாலு விடவில்லை, கூடப்போய் நின்றாள், தன் வாயால் சொன்னாள். அந்த அம்மா கோபப்படவில்லை. ஹெட்போனைக் கையில் எடுத்து, ஒயரைச் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்தார். அடுத்த மாதம் வரவேண்டாம்தானே என்று கேட்டுவிட்டுப் போனார். வாலு மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள், போகிறவர் வருகிறவர் பார்க்க.

வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது. மீட்க எதுவும் இல்லை, வருந்துகிறோம்.

அறிக்கை எழுதவேண்டும். மேனேஜர் நல்ல மனுஷன்தான், வாலுவைப் பதினைந்து வருஷமாகத் தெரியும். மின்பலகை கருகியதால் டிஸ்க்குகள் பழுது என்று எழுதி முடித்துவிடலாம், அதில் பொய் ஒன்றும் இல்லையே என்றார். வாலு விதியை எழுதினாள். எந்தத் தேதியில் எழுதினாள், எதற்கு எழுதினாள், அது எத்தனை புகாரை விழுங்கியது, முத்திரை போட்டது யார், சரிபார்க்காதது யார், லேப்டாப்பில் இருந்ததை அழிக்கச் சொன்னது யார் என்று வரிசையாக எழுதி அடியில் தன் பெயரைப் போட்டாள். மேனேஜர் இரண்டு தடவை படித்தார்.

"உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கறீங்க."

போகட்டும் என்றாள். வேலை போகுமா என்ற பயம் அவளுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் இரண்டு தெரு தள்ளி உட்கார்ந்திருந்தது.

ஐந்தரை மணிக்கு அக்கா வீட்டுக் கதவைத் தட்டினாள். அத்தான் கடைக்குப் போயிருந்தார். அக்கா சாப்பாட்டு மேஜையில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். பேசத்தான் முடியாதே தவிர தப்பைச் சுழிக்க முடியும். கழுத்தில் மெல்லிய துணி கட்டியிருந்தாள், அதன் பின்னால் மூச்சு போய் வரும் ஓட்டை. தங்கையின் முகத்தைப் பார்த்ததுமே பேனாவை மூடி வைத்தாள். வாலு நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்து சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று தோன்றியது. மின்பலகையில் ஆரம்பித்து விதி வரைக்கும், ஒன்றையும் மறைக்காமல், போர்ஷன், குழாயடி, விசிறி என்று அக்காவுக்குப் புரிகிற மாதிரியே சொன்னாள். நடுவில் இரண்டு தடவை குரல் அடைத்தது. அடைக்கிற குரலாவது தனக்கு இருக்கிறதே என்று நினைத்து வெட்கப்பட்டாள்.

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். பலகை நிறையத் திட்டி எழுதட்டும், பலகையாலேயே அடிக்கட்டும், காலில் விழுந்துவிடலாம். அக்கா அப்படி ஒன்றும் செய்யவில்லை. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கழுத்துத் துணி வேகமாக ஏறி இறங்கியது. அழுதாள், அவள் அழுகைக்கும் சத்தம் கிடையாது, அது இந்த ஒன்பது மாதத்தில் வாலுவுக்குப் பழகியிருக்க வேண்டும், பழகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பலகையை இழுத்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, எத்தனை புகார் என்று கேட்டாள். இருநூற்று எழுபத்தொன்று என்றாள் வாலு. அக்கா அந்த எண்ணை எழுதி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மற்றவர்களுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று எழுதினாள். ஒருத்தருக்குச் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்கு நாளையிலிருந்து நானே வீடு வீடாகப் போகிறேன் என்றாள் வாலு. அக்கா தலையாட்டினாள். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வாலுவுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள், உட்கார் என்று கையைக் காட்டினாள். உட்கார்ந்ததும் பலகையைத் துடைத்து, நிதானமாக, வகுப்பில் கரும்பலகையில் எழுதுகிற குண்டெழுத்தில் ஒரே வரி எழுதி அவள் பக்கம் திருப்பினாள்.

'என் குரல் எப்படி இருக்கும்னு உனக்கு ஞாபகம் இருக்கா?'

"இருக்குக்கா. எப்படி மறக்கும்? அப்படியே காதுல இருக்கு."

அக்கா அவளை உற்றுப் பார்த்தாள். நம்பினாள் போலிருக்கிறது, முகம் கொஞ்சம் இளகியது, தங்கையின் கையை ஒரு தடவை தட்டிக்கொடுத்தாள். அப்புறம் பேனாவை எடுத்து விட்ட இடத்திலிருந்து நோட்டைத் திருத்த ஆரம்பித்தாள்.

வாலு எதிரில் உட்கார்ந்து அந்தக் குரலைத் தேடினாள். அக்கா தன்னைக் கூப்பிட்டதெல்லாம் நினைவு வந்தது. திட்டினது வந்தது, ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது சொன்னது வந்தது, ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் வந்தது. எல்லாமே வாலுவின் குரலில் வந்தது.